உழைப்பாளர் வரியும் உயர்கல்வி வாயிலும்

ஒரு நாட்டின் கருவூலத்தை நிரப்புகின்றவர் யாவர் என்று வினவினால், வருவாய்வரி கட்டும் செல்வரையும் பெருந்தொழில் முதலாளிகளையுமே பலரும் சுட்டிக் காட்டுவர். அவ்விடை பாதி உண்மையே. நாட்கூலிக்குக் களை பறிக்கும் பெண்ணொருத்தி துணி வெளுக்க வாங்கும் வழலைக் கட்டியிலும், சமையலுக்கு வாங்கும் எண்ணெயிலும், அவள் ஏறிச் செல்லும் பேருந்துக்கு ஊற்றும் எரிநெய்யிலும் வரி இருக்கின்றது. மாளிகையில் வாழ்வார் வாங்கும் வழலைக்கும் அவள் வாங்கும் வழலைக்கும் வரியளவு ஒன்றே. ஆனால் மாளிகையார் வருவாயில் அவ்வரி ஒரு துளி. அவள் கூலியிலோ அஃது ஒரு வேளைக் கஞ்சி. அவ்வாறு ஒவ்வொரு வேளையிலும் பிடித்தெடுத்த கஞ்சியும் சேர்ந்தே நாட்டின் கருவூலம் நிரம்புகின்றது.

அக்கருவூலத்திலிருந்தே பல்கலைக்கழகங்கள் எழுகின்றன; மருத்துவக் கல்லூரிகளும் தொழில்நுட்பக் கழகங்களும் ஆய்வுக் கூடங்களும் இயங்குகின்றன. அவற்றுள் படிக்கின்ற ஒவ்வொரு மாணவனுக்காகவும் அரசு செலவிடும் தொகை, அவன் கட்டும் கட்டணத்தினும் பன்மடங்கு மிகுதியானது. எனில், களை பறிக்கும் அப்பெண்ணின் மகன் அவ்வாயிலுக்குள் நுழைந்தானா? நுழையாதவன் வீட்டு வரியில் நுழைந்தவன் படிக்கின்றான் என்றால், அதற்குக் கல்வி வளர்ச்சி என்று பெயரா, இல்லாதவரிடம் பெற்று உள்ளவர்க்கு வழங்கும் தலைகீழ்க் கொடை என்று பெயரா? உயர்கல்விக்குப் பொதுப்பணம் என்னும் செய்தியை ஆராயப் புகுவார் அனைவரும் முதற்கண் விடையிறுக்க வேண்டிய வினா இதுவே.

இவ்வினாவைப் பொருளியல் வல்லார் சிலரும் எழுப்புகின்றனர். ஆனால் அவர்கள் கூறும் விடை வேறு. உயர்கல்வியால் பயன்பெறுவோர் பெரும்பாலும் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகளே, ஆகவே அரசு அதற்குப் பணம் தருவதைக் குறைத்துக் கொள்க, கட்டணத்தை உயர்த்துக, பயன்பெறுவோரே விலை கொடுக்கட்டும், ஏழை மாணவர்க்கு வைப்பகக் கடன் ஏற்பாடு செய்க, மிஞ்சும் பணத்தைத் தொடக்கக் கல்விக்குச் செலவிடுக என்பது அவர்தம் அறிவுரை. கேட்கும் செவிக்கு இஃது ஏழையின் பக்கம் நின்று பேசுவது போன்றே தோன்றும். நோயைச் சரியாகவே கூறுகின்றனர்; மருந்தைத்தான் நஞ்சாகக் கலந்து தருகின்றனர். ஏழையின் மகன் நுழைய முடியாத வாயிலுக்கு முன் இன்னொரு பூட்டையும் பூட்டிவிட்டு, உனக்காகவே பூட்டினோம் என்பது அறிவுடையார் செயலன்று. தமிழ்நாட்டுக் கல்வி வரலாறே அதற்குச் சான்று கூறும்.

கீழோர் எனப்பட்ட குலத்திற் பிறந்தவனாயினும் கற்றுத் தேர்ந்தவனாயின், மேலோர் எனப்பட்டவரும் அவனிடத்துக் கற்கச் செல்வர் என்னும் கருத்தை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் பாடிவைத்தான். அப்பாட்டு புறநானூற்றுள் உள்ளது. அத்தகைய நாட்டிலேயே பிற்காலத்தில் கல்வி ஒருசாரார் உடைமையாகி, உழுவார்க்கும் நெய்வார்க்கும் தோல் பதனிடுவார்க்கும் மறுக்கப்பட்டது. அவ்விழிநிலையை மாற்றியது தனியார் வணிகமன்று, பொதுப்பணமும் கொடையுள்ளமுமே. பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறப்பொருளால் சென்னையில் கல்விக்கூடம் எழுந்தது. 1929-இல் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தோன்றியது. காரைக்குடியில் நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் அளவில் நிலமும் 15 இலக்கம் உருபாவும் வழங்கினார். அவர்கள் கல்வியில் பொருளை இட்டனர். கல்வியிலிருந்து பொருளை எடுக்கவில்லை.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய காமராசர் காலத்தில், மூடிய பள்ளிகள் திறந்தன. ஊர்தோறும் புதியன தோன்றின. பசித்த வயிற்றுக்கு நண்பகல் உணவு கிட்டியது. அப்பள்ளிகளில் படித்துத் தேறியவர்க்குப் பின்வந்த ஆண்டுகளில் அரசுக் கல்லூரிகளும் உதவிபெறும் கல்லூரிகளும் இடமளித்தன. இடவொதுக்கீடு அவ்விடத்தை உறுதி செய்தது. அதன் விளைவை இன்று கணக்கிலேயே காணலாம். 18 முதல் 23 அகவை வரையுள்ளாருள் உயர்கல்வியிற் சேர்ந்தோர் அளவு, 2021-22ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியம் முழுமைக்கும் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டிலோ 47. இவ்வேறுபாடு தானே விளைந்ததன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்மக்கள் தம் வரிப்பணத்தைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இட்டு விளைத்த விளைவு அது. ஆயினும் அக்கணக்கின் மறுபுறத்தையும் காண வேண்டும். நூற்றுக்கு 47 என்றால், பாதிக்கு மேற்பட்டோர் வெளியே நிற்கின்றனர் என்பது பொருள். வெளியே நிற்பவர் யாருடைய பிள்ளைகள் என்பதை எவரும் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

உள்ளே புகுந்தவர்களுக்குள்ளும் எல்லார்க்கும் ஒரே வாயில் அமையவில்லை. 1984-85 முதல் தமிழ்நாட்டில் அரசின் நல்கை பெறாத தற்பொருட் பொறியியற் கல்லூரிகள் இசைவு பெற்றன. அதே காலத்தில்தான் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வும் புகுத்தப்பட்டது. விலை கொடுத்து வாங்கும் வாயில் ஒன்று. தனிப்பயிற்சி பெற்றுத் தாண்டும் வாயில் மற்றொன்று. இரண்டிற்கும் தேவைப்பட்டது பணமே. பின்னர், 2010-ஐ அடுத்த ஆண்டுகளில், பொறியியற் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. இடங்கள் பெருகின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்விடங்களுக்கு உரிய விலையை அரசு கொடுக்கவில்லை. நிலத்தை விற்ற உழவனும், நகையை ஈடுவைத்த தாயும், கடன்பட்ட தந்தையுமே கொடுத்தனர்.

கல்வியை விலைபேசுவது ஞாயமா என்னும் வழக்கு உச்சநயன்மன்றத்திற்கும் சென்றது. 1992-இல் மோகினி செயின் வழக்கில், நன்கொடை என்னும் பெயரால் பெருந்தொகை பெற்று இடம் தருவது சட்டத்திற்கு மாறானது என்று தீர்ப்பாயிற்று. 1993-இல் உன்னிகிருட்டிணன் வழக்கில், தனியார் தொழிற்கல்லூரிகளின் இடங்களுள் பாதி, மதிப்பெண் வரிசைப்படி, அரசுக் கல்லூரிக் கட்டணத்திற்கே வழங்கப்பட வேண்டுமென்றும், மறுபாதி மிகுகட்டணத்திற்கு வழங்கப்படலாமென்றும் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஏழைக்கு நன்மை செய்யும் நோக்கத்தோடு அமைந்த திட்டம் அது. விளைந்ததோ வேறு. நகர்ப்புறத்தில் நல்ல பள்ளியில் படித்துத் தனிப்பயிற்சியும் பெற்ற செல்வர் பிள்ளைகள் மதிப்பெண்ணால் முந்திச் சென்று குறைந்த கட்டண இடங்களை எடுத்துக்கொண்டனர். சிற்றூர்ப் பள்ளியிற் படித்துப் பின்தங்கிய எளியவர் பிள்ளைகள் மிகுகட்டண இடங்களைப் பெற்று, தம் படிப்புக்கும் கொடுத்து, செல்வர் மகன் படிப்புக்கும் சேர்த்துக் கொடுத்தனர்!

2002-இல் பாய் அறக்கட்டளை வழக்கில் 11 நடுவர் கொண்ட ஆயம் இக்குறையைச் சுட்டிக் காட்டியே அத்திட்டத்தை நீக்கியது. குறை கண்டது சரியே. ஆனால் அதற்கு மாற்றாக வந்தது என்ன? தனியார் கல்வி நிறுவனங்கள் தம் கட்டணத்தைத் தாமே வகுத்துக் கொள்ளலாம். கொள்ளை ஆதாயம் கூடாது, ஆயினும் வளர்ச்சிக்கென மிச்சம் பிடிக்கலாம் என்னும் நெறியே வந்தது. ஏழையின் பெயரால் ஒரு குறை எடுத்துக்காட்டப்பட்டு, ஏழைக்கு எட்டாத தீர்வு வழங்கப்பட்டது. பொதுப்பணத்தால் நடக்கும் உயர்கல்வியை எதிர்க்கும் பொருளியலார் செய்வதும் இதனையே. பூட்டிய கதவை அவர்கள் காட்டுகின்றனர். ஆனால் அதைத் திறக்கச் சொல்லாமல், வீட்டையே விற்கச் சொல்கின்றனர்.

இங்குத் தெளிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உயர்கல்விக்கு இரண்டு விலைகள் உள. ஒன்று, கல்லூரிக்குள் சென்றபின் கட்டும் கட்டணம். மற்றொன்று, கல்லூரி வாயிலை அடைவதற்கு முன்னரே கொடுக்க வேண்டிய விலை. முன்னது பற்றுச்சீட்டில் இருக்கும். பின்னது எந்தக் கணக்கிலும் இராது. நல்ல பள்ளி, தனிப்பயிற்சி, ஓராண்டு வேலைக்குச் செல்லாமல் வீட்டிலிருந்து படிக்கும் வசதி, ஆங்கிலம் பேசும் சூழல் ஆகிய யாவும் அவ்விலையுள் அடங்கும். இரண்டாவது விலையைக் கொடுக்க முடிந்தவர்க்கே முதல் விலை மலிவாகக் கிடைக்கின்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் 2016-இல் ஆண்டுக் கட்டணம் 90,000 உருபாவிலிருந்து 2 இலக்கமாக உயர்த்தப்பட்டபோது, பட்டியல் வகுப்பாருக்கும் பழங்குடியினருக்கும், ஆண்டு வருவாய் 1 இலக்கத்திற்குக் குறைந்த குடும்பத்தாருக்கும் முழு விலக்கு அளிக்கப்பட்டது. நன்று. ஆனால் விலக்குப் பெறுவதற்கு முதலில் உள்ளே நுழைந்திருக்க வேண்டுமே! பல ஆண்டுப் பயிற்சிக்கு இலக்கக்கணக்கில் கொட்ட முடியாதவனுக்கு, உள்ளே காத்திருக்கும் விலக்கால் ஆவதென்ன?

மருத்துவக் கல்வியில் இவ்வுண்மை வெட்டவெளியில் நிற்கின்றது. ஆனந்தகிருட்டிணன் குழுவின் பரிந்துரையை ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2006-இல் சட்டம் இயற்றி, 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை ஒழித்தது. மேனிலைப்பள்ளி மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2010-இல், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருவோரின் தொழிற்கல்விக் கற்பிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டமும் வந்தது. வாயிலும் சற்று அகன்றது. கட்டணமும் சற்றுத் தணிந்தது. அந்நிலையில், 2017 முதல் நீட் என்னும் அனைத்திந்திய நுழைவுத்தேர்வு தமிழ்நாட்டின்மேல் திணிக்கப்பட்டது.

விளைவை ஆராய 2021-இல் அமைக்கப்பட்ட ஏ.கே. இராசன் குழு தந்த கணக்குகளை ஊன்றிப் படிக்க வேண்டும். மருத்துவப் பட்டப்படிப்பிற் சேர்ந்தோருள் தமிழ்வழியிற் பயின்றோர் 2016-17-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். 2020-21-இல் ஏறத்தாழ 2 பேர். குடும்பத்தின் முதற் பட்டத்தாராக வந்தோர் நூற்றுக்கு 24 என்னும் அளவிலிருந்து 14 என்னும் அளவிற்கு இறங்கினர். முந்திய ஆண்டுகளில் பள்ளி முடித்து, மீண்டும் மீண்டும் தேர்வெழுதி இடம் பெற்றோரோ, நூற்றுக்கு 12 என்பதிலிருந்து 71 என்னும் அளவிற்கு ஏறினர். இம்மூன்றாம் எண்ணே முதலிரண்டையும் விளக்கி விடுகின்றது. பள்ளி முடித்தபின் ஓராண்டோ ஈராண்டோ பயிற்சி நிலையத்தில் பணம் கட்டி அமர்ந்திருக்க எந்த வீட்டுப் பிள்ளையால் இயலும்? அலுவலர் மகனால் இயலும். மருத்துவர் மகளால் இயலும். செங்கற் சூளையில் வேலை செய்வார் மகளால் இயலுமா?

இதனால் நேர்ந்த கொடுமையைப் பொதுப்பணக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியைக் கட்டியது தமிழ்மக்களின் வரிப்பணம். அங்குள்ள மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளர் பெரும்பாலும் ஏழைத் தமிழர். அந்நோயாளரின் உடலைத் தொட்டே மாணவன் மருத்துவம் கற்கின்றான். அவன் கட்டும் கட்டணமோ தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிடச் சிறுதொகை. இத்தனையும் பொதுமக்கள் தர, உள்ளே நுழையும் உரிமையை மட்டும் தனியார் பயிற்சிக் கடைகள் விற்கின்றன. பொதுக் குளத்து நீரைத் தனியார் துலை இறைத்துச் செல்வர் வயலுக்குப் பாய்ச்சுவது போன்றது இது. குளத்தைத் தூர்த்துவிடுவதா இதற்குத் தீர்வு? துலையை அகற்றுவதன்றோ தீர்வு! இத்தேர்விலிருந்து விலக்கு வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பியனுப்ப, 2022-இல் மீண்டும் நிறைவேற்றிய சட்ட வரைவுக்குத் தில்லி ஒப்புதல் மறுத்தது என்னும் செய்தி 2025-இல் வெளியாயிற்று. துலை யாருடையது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

வாயில் திறந்தால் ஏழைப்பிள்ளை வருவானா என்று ஐயுறுவார்க்கும் விடை உண்டு. 2020-இல் அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் நூற்றுக்கு 7.5 இடங்களைத் தனியே ஒதுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் முடிவு செய்தது. செப்தம்பரில் நிறைவேறிய சட்ட வரைவுக்கு ஆளுநரின் ஒப்புதல் அக்தோபர் இறுதியில்தான் வந்தது. அவ்வாண்டே 400 அளவிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ, பல்மருத்துவ இடங்கள் அமைந்தன. ஆயின் அவற்றுள் ஒருபகுதி தனியார் கல்லூரிகளில் இருந்தது. இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியின்றி, கைக்கு வந்த இடத்தைச் சிலர் விட்டுவிட நேர்ந்தது. அதன் பின்னரே அரசு அவர்தம் கட்டணத்தையும் தானே ஏற்பதாக அறிவித்தது. 2021-இல் இவ்வொதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவாகி, அம்மாணவர்தம் கட்டணமும் விடுதிச் செலவும் அரசின் பொறுப்பாயின.

இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் ஆழமானது. வாயிலை மட்டும் திறந்தால் கட்டணம் தடுக்கின்றது. கட்டணத்தை மட்டும் நீக்கினால் வாயில் தடுக்கின்றது. இரண்டையும் ஒருசேர நீக்கினால்தான் வரி கொடுத்தவன் மகனுக்கு வரிப்பணம் போய்ச் சேரும். பொதுப்பணத்தைக் குறைக்க வேண்டும் என்பாரும், குறைக்காமல் இருந்தாலே போதும் என்பாரும் இப்பாடத்தின் பாதியையே அறிந்தவராவர்.

இனி, கடன் என்னும் மாற்றைப் பார்ப்போம் என்பார்க்கும் மறுமொழி கூற வேண்டும். 2001-இல் வகுக்கப்பட்ட கல்விக் கடன் திட்டத்தின்படி, பொதுத்துறை வைப்பகங்கள் 4 இலக்கம் வரையில் பிணையின்றிக் கடன் வழங்கின. குறைந்த வருவாய்க் குடும்பத்தார்க்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும் திட்டமும் 2009-இல் வந்தது. இவற்றால் படித்தவர் பலர் உளர். ஆனால் கடன் என்பது எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதன்று. உடைமை உள்ளவனுக்கு அஃது ஒரு கருவி. உடைமை இல்லாதவனுக்கு அஃது ஒரு கழுத்துக்கயிறு. படித்து முடித்தவுடன் வேலை கிடைக்காவிடின், ஒருவன் தந்தையின் வீட்டில் இருந்து மேலும் தேடுவான். மற்றவன் வைப்பகத்தாரின் அறிவிப்புக்கு அஞ்சிக் கிடைத்த கூலிக்குப் போவான். பெண்ணாயின் இடர் இன்னும் பெரிது. மகள் படிப்புக்கு வாங்கிய கடனும் மகள் திருமணத்துக்கு வாங்க வேண்டிய கடனும் ஒருசேரக் கண்முன் நிற்க, முன்னதைத் துறந்துவிடும் பெற்றோர் எத்தனையோ பேர். உள்ளவன் மகன் ஒரு முறை கொடுத்து முடிக்கும் விலையை, இல்லாதவன் மகன் வட்டியோடு பத்தாண்டு கொடுக்கின்றான். ஒப்புரிமையின் பெயரால் வகுத்த திட்டம் இது!

இவ்வழியே சென்ற நாடுகளின் பட்டறிவும் கண்முன் இருக்கின்றது. இங்கிலாந்தில் அந்நாட்டு மாணவர்க்குக் கட்டணமின்றி நடந்த பல்கலைக்கழகக் கல்விக்கு 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுன் கட்டணம் வந்தது. சிறு தொகைதானே என்றனர். 2006-இல் 3,000 பவுனாயிற்று. 2012-இல் 9,000 பவுன் வரை ஏறியது. ஒரு முறை திறந்த கணவாய் பிறகு மூடப்படவில்லை. செருமனியிலும் 2005-இல் அரசியலமைப்பு மன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலங்கள் பல கட்டணத்தைப் புகுத்தின. ஆனால் மாணவரும் மக்களும் விடாது எதிர்க்கவே, ஒவ்வொரு மாநிலமாகப் பின்வாங்கி, 2014-இல் இறுதி மாநிலமும் பொதுக் கட்டணத்தைக் கைவிட்டது. கட்டணம் என்பது காலத்தின் கட்டாயமன்று, அரசுகளின் தேர்வு. மக்கள் எழுந்தால் அத்தேர்வு மாறும்.

இந்திய ஒன்றியத்தின் போக்கோ இதற்கு நேர்மாறாக உள்ளது. நாட்டு வருவாயில் நூற்றுக்கு 6 பங்கைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று 1966-இல் கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது. 1968-இன் கல்விக் கொள்கை அதை ஏற்றது. 1986-இன் கொள்கை மீண்டும் கூறியது. 2020-இன் கொள்கை இன்னொரு முறை கூறியது. எழுதும் மைக்குப் பஞ்சமில்லை. ஒதுக்கும் பணத்திற்கே பஞ்சம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 அகவையோடு நின்றுவிட்டது. அதற்குமேல் கல்வி உரிமையன்று, வாங்கத் தக்க சரக்கு என்பதே அதன் உட்பொருள். 2017-இல் உயர்கல்வி நிதிமுகமை என்னும் ஓர் அமைப்பு, ஒன்றியக் கல்வி அமைச்சும் கனரா வைப்பகமும் கூடி உருவாக்கியதாகத் தோன்றியது. முன்னர் நல்கையாக வழங்கப்பட்ட கட்டடச் செலவுக்கு இனிக் கடன் என்பது அதன் நெறி. கல்லூரி கடனாளியானால், கடனை அடைக்க அது யாரிடம் கை நீட்டும்? மாணவனிடந்தான்.

1976-இல் நெருக்கடிநிலைக் காலத்தில், 42ஆம் சட்டத்திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அன்று முதல், செலவில் பெரும்பங்கு மாநிலத்தினுடையது. சொல்லில் பெரும்பங்கு தில்லியினுடையது என்றாயிற்று. தில்லி வகுத்த பள்ளித் திட்டம் ஒன்றில் தமிழ்நாடு கையொப்பமிடவில்லை என்னும் கரணியத்தைக் காட்டி, 2024-25-ஆம் ஆண்டுக்கு உரிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விப் பணத்தில் 2,152 கோடி உருபா நிறுத்திவைக்கப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு முறையிட்டு, 2025-இல் உச்சநயன்மன்றத்தையும் அணுகியது. அது பள்ளிப் பணமாயினும் உயர்கல்வியோடு தொடர்புடையதே. கல்லூரியின் வாயில் கல்லூரியில் தொடங்குவதன்று, அரசுப் பள்ளியின் முதல் வகுப்பிலேயே தொடங்குகின்றது. அங்கு ஆசிரியர் இல்லையேல் இங்கு மாணவன் இல்லை.

தில்லியைக் குறைகூறுவதோடு நின்றுவிட்டால் நடுநிலை தவறியதாகும். தன் வீட்டுக் குப்பையையும் தமிழ்நாடு கூட்ட வேண்டும். முதல் தலைமுறை மாணவர் பெருந்தொகையினராகப் படிக்கும் இடம் அரசு கலை அறிவியற் கல்லூரிகளே. அங்கு நிலையான ஆசிரியர் இடங்கள் பல நிரப்பப்படாமல், வருகைதரு விரிவுரையாளர்களைக் கொண்டே வகுப்புகள் நடந்து வந்துள்ளன. வருகைதரு ஆசிரியர்க்குத் திங்களுக்கு 50,000 உருபா வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக நல்கைக்குழு 2019-இல் வரையறுத்தது. தமிழ்நாட்டில் 2023-இல் உயர்த்தியபின்னும் அவர்கள் பெற்றது 25,000 உருபாவே. தன் அடுத்த திங்கள் ஊதியத்தை எண்ணி ஏங்கும் ஆசிரியன், எளியவன் மகனுக்கு எவ்வாறு நெஞ்சுரம் ஊட்டுவான்? நூற்றாண்டு கடந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் வைப்பகக் கணக்குகள் 2024-இல் வருவாய்வரித் துறையால் முடக்கப்பட்டதும் தமிழர் கண்முன் நடந்ததே. செல்வர் பிள்ளை படிக்கும் நிறுவனம் ஒளிவிட, ஏழைப்பிள்ளை படிக்கும் நிறுவனம் எண்ணெயின்றி எரியும் நிலை இது. அரசுப் பள்ளி மாணவியர்க்கு 2022 முதலும், மாணவர்க்கு 2024 முதலும் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கும் திட்டங்கள் வந்தமை பாராட்டத் தக்கதே. ஆனால் கையில் உதவித்தொகையும் வகுப்பில் ஆசிரியரின்மையும் சேர்ந்திருந்தால், அவ்வுதவி பேருந்துக்கு உதவும், படிப்புக்கு உதவாது.

இன்னொரு விலையையும் இங்குக் குறித்தாக வேண்டும். அது மொழி விலை. பன்னிரண்டு ஆண்டு தமிழில் எண்ணி, தமிழில் கற்று, தமிழில் தேறிய மாணவன், கல்லூரியின் முதல் நாளிலேயே ஊமையாக்கப்படுகின்றான். கணக்கும் இயற்பியலும் அறிந்தவன், ஆங்கிலம் அறியாமையால் அறிவிலி என்று தன்னையே எண்ணத் தலைப்படுகின்றான். ஆங்கிலப் பள்ளிக்குப் பணம் கொடுத்தவர் பிள்ளைக்கு இச்சுமை இல்லை. ஆகவே பிறமொழிவழிக் கல்வியும் ஏழையின்மேல் விதிக்கும் ஒரு கட்டணமே. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வழியாகக் குடிசார் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழில் தொடங்கப்பட்டன. தொடங்கிய பின், நூல்களும் வேலைவாய்ப்பும் போதிய அளவில் உடன்வரவில்லை. விதை தூவிவிட்டு நீர் பாய்ச்சாதவன், நிலம் விளையாது என்று பழிப்பது முறையாகாது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், செய்யத் தக்கவை தெளிவாகின்றன. ஒன்று: உயர்கல்விக்கான பொதுப்பணத்தைக் குறைக்காமல் பெருக்க வேண்டும்; அரைநூற்றாண்டாக ஏட்டில் உறங்கும் நூற்றுக்கு 6 பங்கு என்னும் உறுதியைச் சட்டக் கடப்பாடாக்க வேண்டும். இரண்டு: பொதுப்பணத்தால் இயங்கும் எந்த நிறுவனத்தின் வாயிலிலும் தனியார் பயிற்சிக் கடை காவல் நிற்கலாகாது, பள்ளிக் கல்வியே தகுதியாக வேண்டும். மூன்று: அரசுப் பள்ளி மாணவர்க்கான ஒதுக்கீடு உயர்கல்வியின் எல்லாத் துறைகளிலும், ஒன்றிய அரசின் நிறுவனங்களிலும் வர வேண்டும், கட்டணமும் உணவும் உறையுளும் அதனோடு சேர்ந்தே வர வேண்டும். நான்கு: அரசுக் கல்லூரிகளில் நிலையான ஆசிரியர் அமர்த்தப்பட வேண்டும். ஐந்து: கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வர வேண்டும், உயர்கல்வி தமிழில் நடக்க வேண்டும். இவற்றிற்குப் பணம் எங்கே என்று வினவுவார்க்கு ஒன்று கூறலாம். நுகர்பொருள்மேல் வரி விதித்து ஏழையிடம் எடுக்கத் தெரிந்த அரசுக்கு, பெருஞ்செல்வத்தின்மேல் வரி விதித்துச் செல்வரிடம் எடுக்கவும் தெரிய வேண்டும். பயன்பெற்றவர் விலை கொடுக்கட்டும் என்பாரின் விருப்பமும் அதனால் நிறைவேறும். படித்துப் பொருளீட்டியவன் வரியாகத் திருப்பித் தரட்டும். படிக்கும் முன்னரே கடனாகத் தர வேண்டா.

இக்கோரிக்கைகள் கொடை கேட்பனவல்ல. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பன. களை பறிக்கும் பெண் கொடுத்த வரி அரசின் ஏட்டில் வரவாகப் பதிந்துள்ளது. அவள் பெயரில் செலவு மட்டும் இன்னும் பதியவில்லை. அக்கணக்கை நேர் செய்யும் வரையில் எந்த அரசும், தில்லியரசாயினும் தமிழ்நாட்டரசாயினும், கல்வி வளர்ந்தது என்று மார்தட்டிக் கொள்ள உரிமையுடையதன்று. தமிழ்மக்கள் தம் ஊர்ப் பள்ளியையும் அருகிலுள்ள அரசுக் கல்லூரியையும் தம் உடைமை என்று உணர வேண்டும். அங்கு ஆசிரியர் உளரா, தம் பிள்ளைகள் நுழைகின்றனரா என்று கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வருவாரிடம் முதல் வினாவாக இதனையே விடுக்க வேண்டும். வரி கட்டும் கைக்கு வாயிலைத் திறக்கும் வலிமையும் உண்டு. அவ்வலிமையை அறிந்து எழுக தமிழினம்!